ஐரோப்பியப் பிரஜையின் துணைக்கு விசா: எல்லை தாண்டினால்தான் உரிமை

பாரிஸில் வசிக்கும் பிரெஞ்சுப் பிரஜை ஒருவர் யாழ்ப்பாணத்தில் திருமணம் செய்து, மனைவியைப் பாரிஸுக்கு எடுக்க விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தீர்மானிப்பது பிரான்ஸின் சொந்தக் குடிவரவுச் சட்டம். அவரே டுசல்டோர்ஃபில் வேலை எடுத்து, அங்கே குடிபோய், மனைவியை அங்கே அழைத்தால் கதை வேறு. அப்போது செல்லுபடியாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். அதில் மொழிப் பரீட்சை கிடையாது, விசாக் கட்டணம் கிடையாது, ‘திரும்பிப் போவாயா’ என்ற கேள்வியும் கிடையாது. ‘ஐரோப்பிய சிற்றிசனை முடித்தால் விசா உறுதி’ என்று கலியாணப் பேச்சில் சொல்லப்படுவது இந்த இரண்டாவது வழிக்கு மட்டும்தான் ஓரளவு பொருந்தும். முதல் வழியில் நின்றுகொண்டு இரண்டாவது வழியின் சலுகைகளைக் கேட்பதால்தான் பல விண்ணப்பங்கள் தொடக்கத்திலேயே சறுக்குகின்றன.

அடிப்படைச் சட்டம் 2004 ஏப்ரல் 29இல் நிறைவேறிய 2004/38 இலக்க வழிகாட்டுச் சட்டம். 2006 ஏப்ரல் 30க்குள் எல்லா உறுப்பு நாடுகளும் இதைத் தங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சுவிஸ் மட்டும் ஒன்றியத்தோடு செய்த தனி ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. அங்கே குடும்பத்துக்கு ஏற்ற அளவு வீடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். 2004/38இன் 3ஆம் பிரிவின் முதல் வரியைத்தான் எல்லோரும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ‘தான் பிரஜையாக இல்லாத வேறொரு உறுப்பு நாட்டுக்குச் செல்லும் அல்லது அங்கே வசிக்கும்’ ஒன்றியப் பிரஜைக்கும் அவருடைய குடும்பத்துக்குமே இந்தச் சட்டம் என்கிறது அது. சொந்த நாட்டை விட்டு நகராதவர் இதற்குள் வரமாட்டார்.

இதன் விளைவு விசித்திரமானது. ஜேர்மன் பிரஜை ஜேர்மனிக்குத் துணையை எடுக்க வேண்டுமானால், வருபவர் பொதுவாக ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். 2007 முதல் இந்த விதி இருக்கிறது. நெதர்லாந்துப் பிரஜை தன் நாட்டுக்கு எடுக்க, இருவருக்கும் 21 வயது, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத நிலையான வருமானம், வெளிநாட்டிலேயே எழுதிச் சித்தியடைய வேண்டிய குடியிணைவுப் பரீட்சை எல்லாம் வேண்டும். டென்மார்க் 2002இல் இருவருக்கும் 24 வயது என்று வைத்தது. ஆனால் கொப்பன்ஹேகனில் வேலை செய்யும் ஒரு சுவீடன்காரருக்கு இதில் எதுவும் இல்லை. அதனால்தான் 2002க்குப் பிறகு எத்தனையோ டேனிஷ் தம்பதிகள் ஒரெசுண்ட் பாலத்தின் மறுகரையில் உள்ள மால்மோவுக்குக் குடிபோனார்கள். பாலத்தின் ஒரு முனையில் அவர்கள் சொந்த நாட்டுப் பிரஜைகள். மறு முனையில் ஒன்றியப் பிரஜைகள். சொந்தப் பிரஜைக்கு அந்நியப் பிரஜையைவிடக் குறைந்த உரிமை என்பது அநியாயம்தான். ஆனால் ஒன்றியச் சட்டம் அதைத் தடுப்பதில்லை.

அயர்லாந்து ஒரு காலத்தில் இன்னொரு பூட்டும் போட்டிருந்தது. துணைவர் ஏற்கெனவே வேறோர் ஒன்றிய நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்றது. லக்சம்பேர்க்கில் இருக்கும் ஒன்றிய நீதிமன்றம் 2008 ஜூலை 25இல் மெடொக் வழக்கில் அந்தப் பூட்டை உடைத்தது. திருமணம் எங்கே, எப்போது நடந்தது என்பதோ, துணைவர் நாட்டுக்குள் எப்படி வந்தார் என்பதோ உரிமையைத் தீர்மானிக்காது. வழக்குத் தொடுத்த கமரூன்காரர் அயர்லாந்தில் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, இன்னொரு ஒன்றிய நாட்டின் பிரஜையை அங்கே மணம் முடித்த ஒரு தமிழருக்கும் இதே தீர்ப்புத்தான் பிடிமானம்.

யார் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதில் எங்கள் ஆட்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. பிரான்ஸில் பத்து வருட கார்ட் வைத்திருப்பவர் பிரஜை அல்ல. அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயண ஆவணம் கடவுச்சீட்டு அல்ல. முப்பது வருடம் வாழ்ந்து வரி கட்டியிருந்தாலும், பிரஜாவுரிமை எடுக்காதவரின் துணைக்கு 2004/38 இல்லை. அவர்களுக்குக் குடும்ப இணைவுக்கான வேறு சட்டம், வேறு நிபந்தனைகள். பிரஜையாக இருந்தால், துணையோடு இருவரில் ஒருவரின் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், அவர்களின் வருமானத்தில் தங்கி வாழும் பெற்றோரும் சேர்ந்துகொள்ளலாம். அந்தப் பிரஜை அங்கே மாணவராக மட்டும் இருந்தால், பெற்றோருக்கு இந்த வழி அவ்வளவு நேராக இல்லை. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களின் விண்ணப்பத்தை நாடு ‘இலகுபடுத்த’ வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. அது உறுதியான உரிமை அல்ல.

இனி விசா. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவு விசா தேவை. வழமையான ஷெங்கன் குறுகிய கால விசாப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும், ஆனால் நிரப்பும் முறை வேறு. 17ஆம் கட்டத்தில் ஒன்றியப் பிரஜையான குடும்பத்தவரின் விவரம் வரும். 18ஆம் கட்டத்தில் உறவுமுறை. இந்த இரண்டும்தான் விண்ணப்பத்தின் உயிர். 21, 22, 30, 31, 32ஆம் கட்டங்களின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். தொழில், வேலை கொடுப்பவர், அழைப்பவர், பயணச் செலவை யார் ஏற்கிறார் என்ற இந்தக் கேள்விகளை ஒன்றியப் பிரஜையின் குடும்பத்தவர் நிரப்பத் தேவையில்லை என்று படிவமே அடிக்குறிப்பில் சொல்கிறது.

நடப்பது என்னவென்றால், ஏஜென்ட் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் நிரப்பி, ஹோட்டல் முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை இடத்து லீவுக் கடிதம், ‘30 நாளில் திரும்பிவிடுவேன்’ என்ற உறுதிக் கடிதம் என்று ஒரு சுற்றுலாக் கோப்பைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறார். கவுண்டரில் இருப்பவரும் சுற்றுலாப் பயணியாகவே எடுத்து, ‘திரும்பிப் போகும் எண்ணம் உறுதியாகவில்லை’ என்று கட்டத்தில் புள்ளடி போட்டு நிராகரித்துவிடுகிறார். 2004/38இல் வரும் துணைவரை அந்தக் காரணத்துக்காக நிராகரிக்கவே முடியாது. பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், மோசடி இவை மட்டுமே காரணங்கள். இதற்கு மேல், திரும்பிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்தவர் வந்திறங்கிய மாதமே வதிவிட அட்டை கேட்டால், அந்தக் கடிதம் பொய்யென்று அவரே நிரூபித்தது போலாகும். சொல்லத் தேவையே இல்லாத பொய் அது.

கோப்பின் மேல் ஒரு பக்கக் கடிதம் போதும்: என் கணவர் இன்ன நாட்டுப் பிரஜை, இன்ன உறுப்பு நாட்டில் இன்ன திகதியிலிருந்து வசிக்கிறார், அவரோடு சேர்ந்து வாழச் செல்கிறேன், 2004/38இன் 5(2) பிரிவின்படி விசா கோருகிறேன். அதன் கீழே விண்ணப்பதாரரின் கடவுச்சீட்டு, மொழிபெயர்ப்புடன் திருமணச் சான்றிதழ், கணவரின் கடவுச்சீட்டுப் பிரதி, அவர் அங்கே வசிப்பதற்கான பதிவு அல்லது வேலை ஒப்பந்தம். இன்னும் போகாதவர்கள் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்யலாம். அப்போது ஒன்றாகப் போகிறோம் என்பதைக் காட்ட வேண்டும். பயணக் காப்புறுதியும் தேவையில்லை.

விசா இலவசம், விரைவாகவும் கொடுக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் இழுப்பது நியாயமல்ல என்று ஐரோப்பிய ஆணையம் 2009இலேயே சொல்லிவிட்டது. விண்ணப்பம் வாங்கும் தனியார் நிலையங்களின் சேவைக் கட்டணம் வேறு விஷயம். அங்கே விரும்பிப் போனால் அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே போ என்று கட்டாயப்படுத்த முடியாது, தூதரகத்தில் நேரடியாகக் கொடுக்க வழி இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விசாக் கையேட்டு விதி. சில தூதரகங்கள் ‘நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள், தேசிய விசா எடுங்கள்’ என்று வேறு வரிசைக்குத் திருப்பிவிடும். ஸ்பெயின் அப்படி வதிவிட விசா கேட்டதற்கு 2005இல் ஒன்றிய நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கேட்கக்கூடியது நுழைவு விசா மட்டுமே.

திருமணச் சான்றிதழில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தாமதத்தில் பெரும்பங்கு இங்கேதான். கோயிலில் தாலி கட்டிய படம் சான்று அல்ல. யாழ்ப்பாணத்தில் ‘எழுத்து’ என்று சொல்லும் பதிவு நடந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். இந்தியா 2005 முதல், ஒரே முத்திரையோடு ஆவணங்களை நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அபோஸ்தில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த முத்திரை பெரும்பாலான நாடுகளுக்குப் போதும். இந்தியா சேர்ந்ததை ஜேர்மனி ஆட்சேபித்ததால் அங்கே அது செல்லாது, ஆவணத்தை வேறு வழியில் சரிபார்ப்பார்கள். இலங்கைச் சான்றிதழுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி எடுத்து, போகும் நாட்டின் தூதரகம் அதற்கு மேல் என்ன கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். ‘ழ’வை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். இதைவிடக் கடினமானது, எண்பது தொண்ணூறுகளில் அகதியாக வந்தபோது கொடுத்த பெயரும் பிறந்த திகதியும் இன்று ஐரோப்பியக் கடவுச்சீட்டில் உறைந்து நிற்பது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழை வைத்து எழுத்து எழுதினால் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் இரண்டு வேறு மனிதர்கள் இருப்பார்கள். பதிவுக்கு முன்பே, ஐரோப்பியக் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் திகதியும் விழுவதைப் பார்த்துக்கொள்வதுதான் வழி. பிறகு திருத்துவது மாதக் கணக்கில் இழுக்கும்.

வந்து இறங்கியதும் வரிசை முக்கியம். பதிவு முறை உள்ள நாடாக இருந்தால், முதலில் ஒன்றியப் பிரஜை தன் வதிவைப் பதிந்திருக்க வேண்டும். பிறகுதான் துணைவரின் வதிவிட அட்டை. மூன்று மாதத்துக்கு மேல் தங்க அட்டை தேவை. கேட்கக்கூடிய ஆவணங்களைச் சட்டமே எண்ணிச் சொல்லிவிட்டது: கடவுச்சீட்டு, உறவை நிரூபிக்கும் ஆவணம், ஒன்றியப் பிரஜையின் பதிவுச் சான்று அல்லது பதிவு முறை இல்லாத நாட்டில் அவர் வசிப்பதற்கான வேறு சான்று. துணையின் சம்பளம், மொழிச் சான்றிதழ், வீட்டின் சதுர மீட்டர் பட்டியலில் இல்லை. விண்ணப்பம் கொடுத்தவுடனேயே கொடுத்ததற்கான சான்றுத் தாள் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் அட்டை தர வேண்டும். கட்டணம் சொந்தப் பிரஜைகள் அதுபோன்ற ஆவணத்துக்குக் கட்டுவதைவிடக் கூடக்கூடாது. ஆறு மாதத்துக்குள் முடிவை எழுதி அறிவிக்கவும் வேண்டும் என்று 2018இல் டியாலோ வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஆனால் கெடு தவறினால் அட்டை தானாகக் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்; அதையும் அதே தீர்ப்பு மறுத்துவிட்டது.

வேலை செய்ய அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? சட்டப்படி இல்லை. அட்டை உரிமையை உண்டாக்குவதில்லை, இருக்கும் உரிமையைக் காட்டுகிறது, அவ்வளவே. நடைமுறையில் முதலாளி பிளாஸ்டிக் அட்டையைக் கேட்பார். அந்தச் சான்றுத் தாளையும், துணைவருக்கு வேலை உரிமை தரும் 23ஆம் பிரிவின் உள்ளூர் மொழிப் பிரதியையும் சேர்த்து நீட்டினால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

எல்லாம் தொங்குவது ஒன்றியப் பிரஜையின் நிலையில். அவர் வேலை செய்பவராகவோ, சுயதொழில் செய்பவராகவோ, போதிய வருமானமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் உள்ளவராகவோ, மாணவராகவோ இருக்க வேண்டும். பகுதிநேர வேலையும் வேலைதான். பெர்லினில் வாரம் 5.5 மணி நேரம் துப்புரவு செய்த ஒரு துருக்கியப் பெண்ணின் 2010 வழக்கில், மணிநேரம் குறைவு என்பதற்காக மட்டும் தொழிலாளி இல்லை என்று தள்ளிவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வேலை உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். மாட்டிக்கொள்வது வேறு ரகம்: கடை பாரிஸில், குடும்பம் பாரிஸில், பெல்ஜியத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு விலாசப் பதிவு. பல இடங்களில் பதிந்த பிறகு பொலிஸோ மாநகர சபை ஆளோ கதவைத் தட்டி, கட்டில், அலமாரி வரை பார்ப்பார்கள். வீடு காலியாக இருந்தால் பதிவு ரத்து, அட்டையும் ரத்து.

உண்மையாகவே குடிபோய்ப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்புபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1992 ஜூலை 7இல் சுரிந்தர் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஓர் இந்தியர், அவருடைய பிரித்தானிய மனைவி, ஜேர்மனியில் சில வருட வேலை, பிறகு பிரித்தானியாவுக்குத் திரும்புதல். வெளியே பெற்ற உரிமையைவிடக் குறைவாகச் சொந்த நாடு கொடுக்கக்கூடாது என்றது நீதிமன்றம். 2014இல் எல்லையை இன்னும் தெளிவாகக் கீறியது: வெளிநாட்டு வாழ்க்கை மூன்று மாதத்துக்கு மேற்பட்டதாக, உண்மையானதாக, குடும்ப வாழ்வு அங்கே உருவான அல்லது வலுப்பட்டதாக இருக்க வேண்டும். வார இறுதிகளையும் விடுமுறைகளையும் கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே திரும்பும்போது கேட்கப் போவது வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு, மின்சார பில், குடும்ப வைத்தியரின் பதிவு, பிள்ளை இருந்தால் பள்ளிக் கடிதம். இருவர் பெயரிலும் இருப்பவை பெறுமதியானவை.

பிரித்தானியா இந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. ஒரு காலத்தில் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்துத் தமிழர்கள் லண்டனுக்குக் குடிபோனது இதே சட்டத்தில்தான். இன்று அங்கே முன்னமே குடியேறி நிலையை உறுதிசெய்துகொண்ட ஒன்றியப் பிரஜையின் துணை, உறவு 2020 டிசம்பர் 31க்கு முன்பே இருந்ததாக நிரூபித்தால் மட்டுமே, ஒன்றியப் பிரஜைகளுக்காக பிரித்தானியா வைத்த குடியேற்றத் திட்டத்தில் போகலாம். அதற்குப் பிறகு முடித்தவர்களுக்குப் பிரித்தானியாவின் சாதாரண விசாவும் அதன் வருமான வரம்பும்தான்.

போலித் திருமணச் சந்தேகம் எங்கள் ஆட்கள் மேல் கொஞ்சம் சுலபமாக விழுகிறது. பேசிச் செய்த திருமணம், நேரில் சந்தித்தது சில தடவை, வயதில் பத்து வருட வித்தியாசம், ஒருவர் தமிழும் பிரெஞ்சும் மற்றவர் தமிழும் ஆங்கிலமும். அதிகாரிக்கு இதெல்லாம் சிவப்புக் கொடி. ஆனால் பேசிச் செய்யும் திருமணம் போலித் திருமணம் அல்ல என்று ஆணையத்தின் 2014 கையேடு வெளிப்படையாகவே சொல்கிறது. போலி என்று நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரிகளுடையது. எல்லோரையும் ஒரே அச்சில் விசாரிக்கவும் முடியாது, குறிப்பிட்ட சந்தேகம் இருக்க வேண்டும். இருந்தாலும் நேர்முகம் வைத்தால் இருவரையும் தனித்தனி அறையில் ஒரே கேள்வி கேட்பார்கள். யார் பெண் பார்க்க வந்தது, சம்பந்தம் எப்படி வந்தது, கலியாணத்துக்கு யார் வரவில்லை, ஏன். உண்மையைச் சொல்லத் தயங்கி ‘காதல் திருமணம்’ என்று கதை கட்டுபவர்களே அதிகம் மாட்டுகிறார்கள். தரகர், சாதகப் பொருத்தம், வட்ஸ்அப்பில் ஆறு மாதம் என்று உள்ளதைச் சொல்வதே பாதுகாப்பு.

உறவு முறிந்தால் என்ன என்பது பெண்கள் அதிகம் கேட்கும், ஆனால் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி. ‘வீட்டை விட்டுப் போனால் விசா போயிடும்’ என்ற மிரட்டலில் எவ்வளவு உண்மை? பிரிந்து வாழ்வதால் மட்டும் உரிமை போகாது. பெர்லினில் பிரெஞ்சுக் கணவனைப் பிரிந்து தனி வீட்டில் இருந்த செனகல் பெண் ஒருவரின் வழக்கில் 1985இலேயே அது முடிவாகிவிட்டது. விவாகரத்துக்குப் பிறகும் இருக்க, வழக்குத் தொடங்கும் முன் திருமணம் மூன்று வருடம் நீடித்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் கழிந்திருக்க வேண்டும். பிள்ளையின் பொறுப்பு இவரிடம் இருந்தாலோ, வீட்டு வன்முறை போன்ற கடுமையான சூழல் இருந்தாலோ இந்தக் கால அளவு தேவையில்லை. கணவன் இறந்தால், அதற்கு முன் அங்கே ஒரு வருடம் வசித்திருந்தால் போதும். நிரந்தர வதிவு கிடைக்கும்வரை இவர்கள் தாங்களாகவே வேலை அல்லது வருமானம், காப்புறுதி காட்ட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே வைக்கப்பட்ட மனைவிக்கு இதுதான் மிகக் கடினமான படி.

இன்னொரு பொறி நாள்களின் வரிசையில் இருக்கிறது. விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன்பே ஒன்றியப் பிரஜை அந்த நாட்டை விட்டுப் போய்விட்டால், துணையின் உரிமை அன்றே முடிந்துவிடுகிறது என்று 2015இல் அயர்லாந்து வழக்கொன்றில் தீர்ப்பானது. வன்முறைக்கு ஆளானவருக்கு மட்டும் 2021 தீர்ப்பு ஒரு விலக்குத் தந்தது, அதுவும் நியாயமான காலத்துக்குள் வழக்குப் போட்டால்தான். அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் ஒரு கணவர். ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து வழக்குப் போட்டதால் அவருக்கு அது பயன்படவில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம், வைத்திய அறிக்கை, காப்பகத்தின் கடிதம் இவற்றைத் திகதியோடு வைத்திருக்க வேண்டும்.

ஐந்து வருடம் தொடர்ந்து வசித்தால் நிரந்தர வதிவு. வருடத்தில் ஆறு மாதம்வரை வெளியே நிற்கலாம். பிள்ளைப்பேறு, கடும் நோய், படிப்பு போன்ற காரணத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு மாதம்வரை நிற்கலாம். பிள்ளைப் பெறத் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் மருத்துவக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். நிரந்தர அட்டை பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் உரிமையே போய்விடும். ஜேர்மனியில் வாழும் பிரெஞ்சுப் பிரஜை ஜேர்மன் பிரஜாவுரிமையும் எடுத்தால் துணையின் நிலை என்ன என்ற கேள்வி, 2024 ஜூனில் ஜேர்மனி இரட்டைப் பிரஜாவுரிமையைப் பொதுவாக அனுமதித்த பிறகு கூடியிருக்கிறது. லூனஸ் வழக்கில் 2017இலேயே பதில் வந்துவிட்டது: எல்லை தாண்டி வந்து குடியேறியவர் பிறகு அந்த நாட்டுப் பிரஜையானாலும், துணைக்குக் கிடைக்கும் உரிமை 2004/38 தருவதைவிடக் குறையக்கூடாது.

நிராகரிப்பு எழுத்தில், காரணத்தோடு, எங்கே எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்ற விவரத்தோடு வர வேண்டும். மேன்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆணையமும் உறுப்பு நாடுகளும் நடத்தும் சொல்விட் என்ற இலவசச் சேவையில் இணையம் வழியே முறையிடலாம். பத்து வாரத்துக்குள் தீர்வு என்பது அவர்களின் இலக்கு. தூதரகம் தவறான ஆவணம் கேட்பது, ஆறு மாதம் தாண்டியும் அட்டை வராதது போன்றவற்றில் அது நன்றாக வேலை செய்யும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அவர்கள் எடுக்கமாட்டார்கள். சொல்விட்டில் போட்டதால் மேன்முறையீட்டுக் கெடுவும் நிற்காது.

கையில் அட்டை வந்ததும் அதன் தலைப்பை வாசியுங்கள். ஜேர்மனியில் ‘அவுஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டெ’ என்பது ஒன்றியச் சட்டத்தின்படியான அட்டை. ‘அவுஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லாப்னிஸ்’ என்பது ஜேர்மன் பிரஜையின் துணைக்கு உள்நாட்டுச் சட்டம் தருவது. ஷெங்கனுக்குள் சுற்ற இரண்டும் உதவும். ஷெங்கனில் இல்லாத டப்ளினுக்குக் கணவனோடு விமானம் ஏற வந்தால், முதல் அட்டைக்காரர் விசா இல்லாமல் ஏறலாம், இரண்டாவது அட்டைக்காரரைக் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். அவர் முன்கூட்டியே ஐரிஷ் விசா எடுத்திருக்க வேண்டும். கணவன் அயர்லாந்துக்கு எல்லை தாண்டுவதால் அந்த விசா இலவசம்.